கடற்பயணமும் காற்றின் பருவமும்

பாய்மரப் படகை வாடகைக்கு அமர்த்திக் குடும்பத்தோடு தீவுகளைச் சுற்றிவர விரும்புவோர் பலர், வண்ணப் படங்களைக் கண்டே இடத்தைத் தேர்ந்துவிடுகின்றனர். முதலில் கேட்க வேண்டியது 'எந்தத் தீவு?' என்பதன்று, 'எந்த மாதம்?' என்பதே.

கரீபியன் கடலிலுள்ள பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள் இப்பயணத்திற்குப் பெயர் பெற்றவை. அருகருகே அமைந்த தீவுகளாதலால் கரை கண்ணைவிட்டு மறைவதில்லை. ஆயினும் ஜூன் முதல் நவம்பர் வரை அங்குப் புயற்காலம். 2017 செப்டம்பரில் வீசிய 'இர்மா' புயல், துறையில் கட்டிக்கிடந்த படகுகளை நூற்றுக்கணக்கில் நொறுக்கியது.

செய்ஷெல்ஸின் மாஹே, பிராலின், லா டிக் தீவுகள் புயற்பாதைக்குப் பெரும்பாலும் வெளியே உள்ளன. எனினும் மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று வலுத்துக் கடல் கொந்தளிக்கும். சிறுவரும் முதியோரும் உடன்வரின், பாய்க்குக் காற்று குறைந்தாலும் ஏப்ரலே ஏற்றது.

மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். அப்போதும் பவளப்பாறைகள் நீருள் மறைந்திருக்குமாதலால், வெயில் உயர்ந்த வேளையிலேயே படகைச் செலுத்தல் வேண்டும்.

பருவம் எனப் பொருள்படும் 'மவ்ஸிம்' என்னும் அரபுச் சொல்லிலிருந்தே 'மான்சூன்' பிறந்தது. கடலோடிகளுக்குக் காற்றும் காலமும் ஒன்றே. ஆகவே, நாட்காட்டியை முதலில் விரியுங்கள். வரைபடத்தைப் பின்னர் விரிக்கலாம்.