கடைக்குப் பூட்டு, சிப்பந்திக்கு ஓய்வு எங்கே?

விடுமுறை நாளென்றால் கடையின் முன்கதவு மூடப்படுகிறது. பின்கதவால் உள்ளே சென்று, மூட்டை அடுக்கி, கணக்கெழுதி, களஞ்சியம் கூட்டும் சிப்பந்திக்கு அந்நாள் விடுமுறையா? இக்கேள்விக்கு விடை தேடாமல், கடைகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று மட்டும் வாதிடுவோரைக் கண்டு நாம் வியப்படைகிறோம்.

நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 45 மணி நேரம் என வேலைக்கு எல்லை வகுத்தது. வாரந்தோறும் ஒன்றரை நாள் விடுமுறை அளித்தது. மேலதிக வேலை வாரத்திற்கு 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றது. அதே சட்டம் கடை மூடும் நேரத்தை விதிக்கும் அதிகாரத்தையும் அமைச்சரின் கையிற் கொடுத்தது. ஆகவே, தொழிலாளியின் ஓய்வு ஒன்று. கடைக் கதவின் பூட்டு மற்றொன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதுவதே குழப்பத்தின் வேர்.

பூட்டை மட்டும் பெரிதாக எண்ணும் ஆட்சி எங்கே போய் நிற்கும் என்பதை 1966 முதல் 1971 வரை இந்நாடு அனுபவித்தது. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை ஒழித்து, மாதத்தின் நான்கு போயா நாட்களை ஓய்வு நாட்களாக்கிற்று. சந்திரன் ஏழு நாட் கணக்கிற்குக் கட்டுப்படுபவன் அல்லன். வேலை வாரம் ஒருகால் நீண்டது; ஒருகால் குறுகிற்று. உலக வாணிகம் உறங்கிய நாளில் இலங்கை விழித்திருந்தது. அது விழித்த நாளில் இலங்கை உறங்கிற்று. கிறித்தவ மக்கள் தம் வழிபாட்டு நாளில் வேலைக்குச் செல்ல வேண்டியவராயினர். அவ்வரசாங்கத்திற் பங்கு கொண்ட தமிழ்த் தலைவர்களும் அப்பழியிலிருந்து முற்றாக விலக முடியாது. ஈற்றில், 1971இல் ஞாயிறு மீண்டது. பூரணைப் போயா மட்டும் விடுமுறையாய் நின்றது.

பூரணையை நாம் பழிக்கவில்லை. அது சைவருக்கும் விரத நாளே. ஆனால், விரதம் அவரவர் விருப்பில் விளைய வேண்டும். அரசாங்கம் போடும் பூட்டினால் பக்தி வளர்ந்ததாக நாம் அறியோம்.

கமக்காரரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். கத்தரிக்காய் வர்த்தமானியைப் பார்த்துக் காய்ப்பதில்லை. சுன்னாகத்திற்கும் கொடிகாமத்திற்கும் விடியுமுன் மூட்டை கொண்டு செல்பவனிடம் வாங்கும் கடை மூடிக் கிடந்தால், நட்டம் கொழும்பிலே ஆணையிட்டவருக்கு அல்ல, வியர்வை சிந்தியவனுக்கே.

இதைக் கேட்டு, "சட்டமே வேண்டாம்" என்னும் முதலாளிமார் நாம் தம் பக்கம் சேர்ந்துவிட்டோமென மகிழ வேண்டாம். கதவு திறந்திருக்கலாம், அதற்காக மனிதன் நின்றுகொண்டே இருக்க முடியாது. கற்றோரையும் நாம் கேட்கிறோம்: எட்டு மணி நேர வேலையை உரிமையெனக் கொள்ளும் நீங்கள், தீபாவளிக்கு முதல் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்குப் புடவைக் கடைக்குள் நுழையும்போது, துணி விரித்துக் காட்டும் பெண் காலை எத்தனை மணிக்கு வந்தாள் என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

நாம் வேண்டுவது இரண்டே. கடை திறக்கும் நாளையும் நேரத்தையும் அவ்வவ்வூர் மக்கள் தம் உள்ளூராட்சி மன்றத்தின் வழியே தீர்மானிக்கட்டும். நல்லூரின் தேர் நாளும் மடுவின் திருநாளும் அவ்வவ்விடத்து மக்களுக்கே தெரியும். ஆனால், சிப்பந்தியின் ஓய்வு எந்த ஊரிலும் ஒரு நாழிகைகூடக் குறையலாகாது. கடை ஏழு நாளும் திறந்திருப்பினும், சிப்பந்திக்கு அவனுடைய ஒன்றரை நாள் கிடைத்ததா என்பதைத் தொழிற் திணைக்களம் சிறு கடை, பெருங்கடை என்ற பேதமின்றி நேரிற் சென்று பார்க்க வேண்டும்.

கதவைப் பூட்ட ஒரு காவற்காரன் போதும். உழைப்பவனின் ஓய்வைக் காக்கவே அரசாங்கம் வேண்டும்.