திட்டு விழுந்தாலும் சொல்லிடுங்க!

குட்டீஸ்... ஒரு ரூபாய் காசை வாயில் போட்டு விளையாடும்போது, லபக்கென்று விழுங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? 'அம்மாவிடம் சொன்னால் அடி விழும்' என்று பயந்து, வாயை மூடிக் கொள்வீர்களா? அதுதான் பெரிய தப்பு.

காசு, பாசிமணி போன்றவை வயிற்றுக்குள் இறங்கிவிட்டால், பெரும்பாலும் சில நாட்களில் தானாக வெளியே வந்துவிடும். ஆனால், எல்லாப் பொருளும் அப்படியல்ல.

வாட்ச், ரிமோட், மினுமினுக்கும் பொம்மைகளில் இருக்கும் வட்டமான பட்டன் செல்லைப் பார்த்திருப்பீர்கள். அது உணவுக் குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரம் பட்டு மின்சாரம் பாயும். அதனால் அரிக்கும் தன்மையுள்ள காரப்பொருள் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் குழாயைப் புண்ணாக்கி விடும். தீர்ந்து போன செல்லும் இதைச் செய்யும். இத்தனை நடந்தும், ஆரம்பத்தில் வெளியே ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம்!

குட்டிக் காந்தங்களும் பொல்லாதவை. இரண்டு காந்தங்கள் உள்ளே போனால், ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய குடலை நசுக்கி ஓட்டை போட்டு விடும்.

அமெரிக்காவில், செவாலியர் ஜாக்சன் (1865 - 1958) என்ற டாக்டர் இருந்தார். ஊக்கு, காசு, ஆணி என, நோயாளிகளின் உணவுக் குழாயிலும் மூச்சுக் குழாயிலும் சிக்கிய 2,000க்கும் மேற்பட்ட பொருட்களை எடுத்து, சேர்த்து வைத்தார். பிலடெல்பியாவில் உள்ள மியூட்டர் மியூசியத்தில் அவை இருக்கின்றன. எவ்வளவு கெட்டிக்கார டாக்டராக இருந்தாலும், விஷயம் தெரிந்தால் தானே எடுக்க முடியும்?

அதனால், நீங்கள் விழுங்கினாலும், தம்பி, தங்கை விழுங்கியதைப் பார்த்தாலும், அந்த நிமிடமே பெரியவர்களிடம் ஓடிப் போய்ச் சொல்லுங்கள். என்ன பொருள், எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள். அதே மாதிரி செல் இன்னொன்று இருந்தால், ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். 'வாழைப்பழம் சாப்பிடு, இறங்கிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கவும் கூடாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, டாக்டர் முடிவு செய்வார்.

இதைப் படிக்கும் அப்பா, அம்மாவுக்கு ஒரு வார்த்தை... குழந்தை வந்து சொன்னால், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். திட்டாதீர்கள். இன்று திட்டினால், நாளை சொல்லாது.

குட்டீஸ், திட்டு ஒரு நாளில் மறந்து போகும். குழாயில் புண் வந்தால், மாதக்கணக்கில் இட்லி கூட விழுங்க முடியாமல் போகலாம். எது பரவாயில்லை, நீங்களே சொல்லுங்கள்!