பட்டினிக்குப் பெயர் பயிற்சியா?

அயல்நாடு புறப்படும் பிள்ளைக்கு நாம் தவறாமல் சொல்லி அனுப்பும் அறிவுரை ஒன்று உண்டு: "போன இடத்தில் அனுசரித்துப் போ!" நல்ல அறிவுரைதான். ஆனால், எதை அனுசரிப்பது, எதை அனுசரிக்கலாகாது என்று நாம் பிரித்துச் சொல்வதில்லை. குளிரைத் தாங்குவதும் அனுசரிப்பு என்கிறோம். கொடுமையைத் தாங்குவதும் அனுசரிப்பு என்கிறோம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கும் இந்த வழக்கத்தை மறுக்கவே இக்கட்டுரை.

சுவிட்சர்லாந்திலுள்ள ஜெனீவா நகரை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய நாடுகள் சபையின் ஐரோப்பியத் தலைமையிடம் அங்கேதான் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் அங்கேதான் உள்ளன. பட்டப்படிப்பின் இறுதியில் நிற்பவர்களும் படிப்பை முடித்த கையோடு வருபவர்களுமாக, பல நாட்டு இளைஞர்களும் இளம் பெண்களும் அந்த அலுவலகங்களில் பயிற்சியாளர்களாக வந்து சேர்கிறார்கள். ஐ.நா. செயலகத்தில் பயிற்சிக் காலம் 2 மாதம் முதல் 6 மாதம் வரை.

அப்படிச் சென்று இறங்கும் பிள்ளை பழகிக்கொள்ள வேண்டியவை ஏராளம். கடைக்குள் நுழைந்தால் பொருளைக் கேட்குமுன் பிரெஞ்சு மொழியில் வணக்கம் சொல்லியாக வேண்டும்; சொல்லாதவன் பண்பற்றவனாகக் கருதப்படுவான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் அடைத்துக் கிடக்கும்; சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டியும் பாலும் வாங்காதவன் மறுநாள் திண்டாடுவான். டிராம் வண்டியில் சீட்டுக் கொடுக்க நடத்துநர் இல்லை. சீட்டில்லாமல் ஏறியவனைச் சோதனையாளர் பிடித்தால் அபராதம் கடுமை. அடுக்ககத்தில் துணி துவைக்கப் பொதுவான அறை. அதற்கு முறை வைத்திருப்பார்கள். முறை தவறினால் முகம் சுளிப்பார்கள். மயக்கமுறச் செய்யாமல் பிராணிகளை அறுப்பதை 1893-ஆம் ஆண்டிலேயே தடை செய்த நாடு அது. ஆகவே, நம் வீட்டுப் பிள்ளைகள் இறைச்சி விஷயத்தில் விசாரித்து வாங்க வேண்டும். விலையைக் கேட்டபின் பல நாள் பருப்போடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டும்.

இவற்றை அனுசரிப்பதில் இழிவு ஏதும் இல்லை. பிறர் வாழும் முறையை மதித்து நடப்பது கல்வியின் ஒரு பகுதி. இந்த அனுசரிப்பில் மனிதன் வளர்கிறான்.

ஆனால், அதே பிள்ளையிடம் வேறோர் அனுசரிப்பும் கேட்கப்படுகிறது. பயிற்சியாளருக்கு ஊதியம் கிடையாது. பயணம், விசா, தங்குமிடம், காப்புறுதி அனைத்தும் அவரவர் செலவு என்பது ஐ.நா. செயலகம் பல்லாண்டுகளாகக் கடைப்பிடித்து வந்துள்ள விதி. உலகில் வாழ்க்கைச் செலவு மிகுந்த நகரங்களின் வரிசையில் ஜெனீவா எப்போதும் முன்னணியில் நிற்பது. அங்கே முழுநேரம் உழைத்துவிட்டு, ஓர் அறையின் வாடகைக்குத் தந்தையின் கையை எதிர்பார்க்க வேண்டும். கை நீட்டத் தந்தையிடம் பொருள் இல்லையென்றால்?

2015 ஆகஸ்டு மாதத்தில் நியூசிலாந்தைச் சேர்ந்த 22 வயது டேவிட் ஹைட் என்ற பயிற்சியாளர், ஜெனீவா ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்கி வேலைக்குச் சென்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. அவர் பயிற்சியிலிருந்து விலகினார். ஊதியமில்லாப் பயிற்சியைப் பற்றிய ஆவணப்படத்திற்காகத் தாமே திட்டமிட்டுச் செய்த செயல் அது என்பதைப் பின்னர் அவரே வெளிப்படுத்தினார். "பார்த்தீர்களா, வெறும் நாடகம்!" என்று எள்ளி நகைத்தவர்கள் உண்டு. கூடாரம் நாடகமாகவே இருக்கட்டும், வாடகை நாடகமா? ஊதியம் இல்லை என்ற விதி நாடகமா?

ஊதியமில்லா முறைக்கு வக்காலத்து வாங்குவோர் மூன்று வாதங்களை முன்வைக்கிறார்கள்.

"கற்றுக்கொள்ள வந்தவனுக்குக் கூலி எதற்கு?" என்பது முதல் வாதம். அதற்கு விடை சுவிட்சர்லாந்திலேயே இருக்கிறது. அந்நாட்டில் பள்ளிக் கல்வியை முடித்ததும் தச்சு, மின்வேலை, வங்கிப்பணி என்று தொழில் பழகச் செல்லும் பிள்ளைகள்தாம் பெரும்பாலோர். பழகும் காலத்திலேயே அவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு. தச்சுப்பட்டறையில் பழகுபவனுக்கு உள்ள நியாயம், உலக சபையில் பழகுபவனுக்கு மட்டும் இல்லாமல் போவது ஏன்?

"நிதி இல்லை" என்பது இரண்டாவது வாதம். உறுப்பு நாடுகள் சந்தாவைக் காலத்தில் செலுத்துவதில்லை என்பது உண்மையே. ஆனால், வீட்டில் பணமில்லை என்பதற்காக வேலைக்காரனிடம் இலவசமாக வேலை வாங்குபவனை நாம் ஏழை என்று இரங்குவோமா, அநியாயக்காரன் என்று சொல்வோமா? பத்துப் பேருக்குக் கொடுக்க இயலாதவர் ஐந்து பேரை வைத்துக்கொள்ளட்டும்.

"விரும்பித்தானே வருகிறார்கள்?" என்பது மூன்றாவது வாதம். வர இயன்றவர்கள் விரும்பி வருகிறார்கள். விரும்பியும் வர இயலாதவர்களை யார் எண்ணினார்கள்? இங்கேதான் கேடு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏழை நாடுகளின் பசியையும் பிணியையும் பற்றிப் பேசும் மண்டபத்தில், அந்தப் பசியை அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு நாற்காலி இல்லை. அறிவைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதாகச் சொல்கிறார்கள். இறுதியில் சோதிக்கப்படுவது தந்தையின் பணப்பை.

1948 டிசம்பர் 10-ஆம் நாள் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 23-ஆவது பிரிவு, உழைப்பவர் எவருக்கும் நியாயமான ஊதியம் பெறும் உரிமை உண்டு என்று உலகுக்கு அறிவித்தது. அந்தப் பிரகடனத்தை நகலெடுத்துக் கோப்பில் வைக்கும் பயிற்சியாளருக்கு அந்த உரிமை இல்லை! 2020 செப்டம்பரில் ஜெனீவா மக்கள் வாக்களித்து, மணிக்கு 23 பிராங்கு என்று குறைந்தபட்ச ஊதியம் வகுத்தார்கள். சர்வதேச அமைப்புகளுக்கு உள்ள சட்ட விலக்குரிமையால் அந்தச் சட்டம் அவற்றின் வாயிலருகே நின்றுவிடுகிறது.

மாற்ற முடியாத விதியா இது? அன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் பயிற்சியாளருக்கு உதவித்தொகை வழங்கிவருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை 2018-இல் தீர்மானம் இயற்றியது. 2020 முதல் அந்நிறுவனமும் உதவித்தொகை அளிக்கத் தொடங்கியது. ஒரே நகரில், ஒரே குடும்பத்து நிறுவனங்களில் சிலவற்றால் முடிந்தது மற்றவற்றால் முடியாது என்றால், குறை மனத்தில் இருக்கிறதே தவிரப் பணத்தில் இல்லை.

கடல் கடப்பது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. கொழும்பிலும் பினாங்கிலும் கடை நடத்திய நம் முன்னோர், ஊரிலிருந்து அழைத்துச் சென்ற பையனுக்குச் சம்பளத்தில் கை இறுக்கியிருக்கலாம். வேறு குறைகளும் அங்கே உண்டு. ஆயினும் அவனுக்குச் சோறும் படுக்க இடமும் கடைக்காரர் பொறுப்பு என்பதை எவரும் மறுத்ததில்லை. ஒரு சிறு கடைக்காரருக்குத் தெரிந்த பொறுப்பு உலக சபைக்குத் தெரியாதா?

ஆகவே, பெற்றோர்களே! உங்கள் மகனுக்கோ மகளுக்கோ அயல்நாட்டிலிருந்து பயிற்சிக் கடிதம் வந்தால், நிறுவனத்தின் பெயரைக் கண்டு மயங்கி நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். உதவித்தொகை உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு, நோயுற்றால் செலவு யாருடையது என்று முதலில் எழுதிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. பிள்ளையிடமும் தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள்: அந்த ஊர்க் குளிரை அனுசரி, மொழியை அனுசரி, ஒழுங்கை அனுசரி. பட்டினியை மட்டும் அனுசரிக்காதே. அதை அனுசரிப்பவன் தன்னை மட்டும் வருத்திக்கொள்வதில்லை. தனக்குப் பின்னால் வரும் ஏழைப் பிள்ளையின் வழியையும் அடைத்துவிடுகிறான்.