பெட்டிக்குள் தமிழ் இல்லை

தமிழ்நாட்டில் தமிழுக்கு இடமில்லாத இடங்களை எண்ணிச் சொல்வது நம் போன்ற இதழ்களுக்குப் பழகிப்போன பணி. கோயிற் கருவறை, உயர்முறை மன்றம், நடுவணரசின் அலுவலகம், வைப்பகத்துப் படிவம் என அப்பட்டியல் நீளும். அதில் இதுகாறும் நாம் சேர்க்காத ஓரிடம் உண்டு. அஃது ஓர் அட்டைப் பெட்டியின் உட்புறம்.

எங்கள் சிட்லபாக்கத்துத் தெருவில், என் வீட்டிற்கு மூன்றாம் வீட்டில், எழுபது அகவை கடந்த மூதாட்டியார் ஒருவர் இருக்கிறார். அனகாபுத்தூர்த் தறியில் நாற்பதாண்டு உழைத்தவர். அவர்க்கு நீரிழிவு. வெளிநாட்டில் பணிபுரியும் மகன் பணம் விடுக்க, தாம்பரத்துக் கடையொன்றில் வாங்கிய சருக்கரையளவி, குளுக்கோமீட்டர் என ஊரே வழங்குவது, வீட்டில் இருக்கிறது. சென்ற ஐப்பசியில் ஒருநாள் இரவு, மருமகள் அவர் விரல் நுனியிற் குத்தி ஒரு சொட்டுக் குருதியைப் பட்டையில் வைத்தார். எண் வரவில்லை. ஆங்கில எழுத்து இரண்டு வந்தன. ஆங்கிலவழிப் பள்ளியில் நான்காம் வகுப்புப் பயிலும் பேரன் ஓடிவந்து எழுத்துக் கூட்டினான். “பாட்டி! பெட்டி உனக்கு ஆய் சொல்லுது, வணக்கமாம்!” என்றான். வீடே சிரித்தது. விளக்கணைத்துப் படுத்தனர்.

அவ்விரண்டெழுத்தும் ‘உயர்வு’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகள். குருதியிற் சருக்கரை அக்கருவியால் அளக்கவியலாத உயரத்திற்குப் போய்விட்டது என்பதே அதன் பொருள். பல கருவிகளில் அவ்வெல்லை ஒரு தெசிலிட்டருக்கு 600 மில்லிகிராம். நலமுடைய ஒருவர்க்கு வெறும் வயிற்றில் நூற்றுக்கு உட்பட்டே நிற்கும் என்பதை நினைத்துக்கொள்க. வைகறையில் எழுப்பியபோது அம்மையார்க்கு நினைவில்லை. நாங்கள் நால்வர் தூக்கித் தானியில் ஏற்றினோம். ஆறு நாள் மருத்துவமனையிற் கிடந்து மீண்டார். அவர் பிழைத்ததனாற்றான் இதனைச் சினத்தோடு எழுதுகிறேன். இல்லையேல் எழுதியிருக்க மாட்டேன்.

அவ்வீட்டார் அப்பெட்டியை என்னிடம் கொணர்ந்தனர். உள்ளே கையேடு இருந்தது. முற்பாதி ஆங்கிலம், பிற்பாதி இந்தி. அவ்விரண்டெழுத்துத் தோன்றினால் மீண்டும் ஒருமுறை ஆய்ந்து பார்க்கவேண்டும், மீண்டும் அதுவே தோன்றினால் உடனே மருத்துவரை நாடவேண்டும் என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. மருமகள் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர், செய்தித்தாள் படிப்பவர், மாமியாரின் மருந்துக் கணக்கை நாட்குறிப்பில் எழுதி வைப்பவர். அவ்வொரு தொடர் தமிழில் இருந்திருப்பின் அவ்விரவே புறப்பட்டிருப்பார். நிகழ்ந்தது படிப்பறிவின்மையால் விளைந்த இடர் என்று எவரும் சொல்லிவிட வேண்டா.

வள்ளுவர் மருந்ததிகாரத்தை முடிக்குமிடத்து மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு நில்லாது, அருகிருந்து மருந்து கொடுப்பவனையும் நான்காவதாக எண்ணினார். இற்றை நாளில் அந்நான்காமவர் யார்? மருமகள், மகள், மனைவி, பேரன். மருத்துவர் கையில் இருந்த கருவிகளுட் பல இன்று இவர்கள் கைக்கு வந்துவிட்டன. குருதியழுத்தம் பார்ப்பதும், மூச்சுத் திணறும் குழந்தைக்கு நெபுலைசர் என்னும் தூவற்கருவியால் மருந்து செலுத்துவதும், விரலிற் பொருத்தி உயிர்வளியளவு நோக்குவதும் வீட்டு வேலைகளாயின. 2021-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் உயிர்வளிச் செறிவூட்டியையே வாடகைக்கு எடுத்துப் படுக்கையறையில் வைத்தவர் நம் புறநகரிலேயே எத்துணைப் பேர்! கருவி வீட்டுக்குள் வந்தது. அதனை இயக்கும் அறிவு மட்டும் ஆங்கிலக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது.

நம் தென்புறநகர் மருத்துவத்திற்குப் புதிய ஊர் அன்று. தாம்பரத்து நெஞ்சகநோய் மருத்துவமனை, 1928-இல் தாவீது சவுரிமுத்து என்னும் மருத்துவர் காசநோயாளர்க்கெனத் தொடங்கிய நலவாழ்வு நிலையம். 1937-இல் அரசு அதனை ஏற்றது. அந்நிலையத்தின் பெயராலேயே ஒரு தொடர்வண்டி நிலையமும் உண்டு. இன்று பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை நெடுஞ்சாலையின் இருமருங்கும் மருத்துவமனைகளும், அவற்றை ஒட்டிக் கருவிக் கடைகளும் உள. இக்கடைகளுக்குச் சரக்கு வரும் வழியை அறிந்தாலன்றி நம் சிக்கல் விளங்காது. கருவி செய்வோர் பெரும்பாலும் அயல்நாட்டார். அவர்பால் இறக்குமதி உரிமம் பெற்றவர் வாங்குகிறார். அவரிடம் மொத்த வணிகர் வாங்குகிறார். பூங்கா நகரத்து நைனியப்ப நாயக்கன் தெரு இம்மொத்த வணிகத்திற்குப் பழைய இடம். புறநகரிலும் இப்போது கிடங்குகள் எழுந்துள்ளன. மொத்த வணிகரிடமிருந்து சில்லறைக் கடை, கடையிலிருந்து வீடு. இத்தனை கை மாறியும் ஒரு கையிலேனும் தமிழ் ஒட்டவில்லை.

கடைக்காரரிடம் கேட்டேன். “மேலிருந்து வருவதை அப்படியே கொடுக்கிறோம், ஐயா” என்றார். அந்த ‘மேல்’ எங்கே என்று கேட்டு, ஒரு காரிக்கிழமை, பள்ளி முடிந்தபின், அம்மொத்த வணிகரின் கிடங்கிற்கே சென்றேன். பெயர் வேண்டா, அவர் கெட்டவரல்லர். அவரே சில கருவிகளுக்கு இறக்குமதி உரிமமும் பெற்றவர். நாற்காலி தந்து, தேநீர் வருவித்து, பொறுமையாய்க் கேட்டார். பிறகு சொன்னார்: “ஐயா, இருபத்திரண்டு ஆண்டாக இத்தொழிலில் இருக்கிறேன். தமிழில் தாள் வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்ட முதல் ஆள் நீங்கள்தாம்.”

எனக்கு மறுமொழி எழவில்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கையில் பக்கத்து மேடையில் இரண்டு பெண்பிள்ளைகள் பெட்டிகளில் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தனர். அஃது என்னவென்று வினவினேன். இறக்குமதியாகும் கருவியின் மேல், கொணர்ந்தவர் பெயர், முகவரி, உரிம எண் முதலியன அச்சாகியிராவிடில், இங்கே ஒட்டுத்தாளாய் ஒட்டிக்கொள்ளலாம் என 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் இசைகின்றனவாம். ஆக, பெட்டி நம் மண்ணில் ஒருமுறை நிறுத்தப்படுகிறது. நம் பிள்ளைகளின் கை அதன்மேற் படுகிறது. புதிய தாளொன்று ஒட்டப்படுகிறது. உரிம எண்ணுக்கு ஒரு தாள் உண்டெனில், உயிர் காக்கும் நான்கு தொடருக்கு ஏன் ஒரு தாள் இருத்தலாகாது?

“விதியில் இல்லை” என்பதே விடை. மெய்தான். கருவி விற்கப்படும் மாநிலத்தின் மொழியில் கையேடு தருக என்னும் கட்டளை அவ்விதிகளில் இல்லை. 2011-ஆம் ஆண்டுப் பொதிப்பொருள் விதிகளோ, பொதியின் மேல் எழுதவேண்டியவற்றை நாகரி எழுத்து இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதுக என்கின்றன. பிறமொழியைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை என ஒரு வாலையும் இணைக்கின்றன. தடையில்லையாம்! 2011 கணக்கெடுப்பில் 7 கோடியே 21 இலக்கம் மக்கள் வாழ்ந்த நாட்டின் மொழிக்கு இப்பேரரசு அளித்திருக்கும் இடம் அவ்வளவே.

ஐரோப்பாவை நோக்குக. அங்குள்ள எசுத்தோனியா நாட்டின் மக்கட்டொகை ஏறத்தாழ 13 இலக்கம். சுலோவேனியாவின் தொகை ஏறத்தாழ 21 இலக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம், 2021 முதல் நடப்பில் இருப்பது, கருவியோடு வரும் செய்திகள் எம்மொழியில் இருத்தல் வேண்டும் என்பதை அந்தந்த உறுப்பு நாடே வகுக்கலாம் என்கிறது. அதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. அம்மொழியில் தாள் உள்ளதா எனப் பார்த்த பின்னரே சரக்கை விற்பனைக்கு விடுதல் வேண்டும் என்னும் கடமையை அச்சட்டம் மொத்த வணிகர் தலையிலும் ஏற்றியிருக்கிறது. செய்தவன் மேற் பழிபோட்டு அவர் தப்ப இயலாது. நம்மினும் சிறிய மக்களினம் தன் மொழியைக் கேட்டது; பெற்றது. அதே அயல்நாட்டு நிறுவனங்கள் அங்கே அம்மொழிகளிலெல்லாம் அச்சிட்டுத் தருகின்றன. தமிழில் அச்சிட்டால் மட்டும் மை உறைந்துவிடுமா?

செலவு மிகும் என்பார் சிலர். 2021-இல் நடுவணரசின் மருந்து விலை ஆணையம், உயிர்வளியளவி, குருதியழுத்தமானி, தூவற்கருவி, எண்முறை வெப்பமானி, சருக்கரையளவி ஆகிய ஐந்தினுக்கும் விலைவரம்பு கட்டியது. அப்போது வெளிவந்த கணக்குப்படி, மொத்த வணிகர்க்குக் கிடைக்கும் விலைக்கும் பெட்டியின் மேல் அச்சிட்ட உச்ச விலைக்கும் இடையே ஏறியிருந்த மிகை, 3 விழுக்காட்டிலிருந்து 709 விழுக்காடு வரை இருந்தது. நூறு உருவாய்ப் பொருள் எண்ணூறு உருவாயாகி வீடு சேரும் வணிகத்தில், ஒரு தாளுக்கு ஆகும் காசைக் கணக்கிடுவது நகைப்பிற்கிடம். அவ்வாணையம் மிகையை 70 விழுக்காட்டிற்குள் அடக்கியது. 2025-இல் சருக்கரையளவிக்கும் பட்டைக்கும் வரியும் 12-லிருந்து 5 விழுக்காடாயிற்று. விலை இறங்கியது நன்று. தாள் பற்றி அப்போதும் எவரும் வாய் திறந்திலர்.

எவரும் என்னுமிடத்து நம்மையும் சேர்த்தே சொல்கிறேன். பெயர்ப்பலகைக்குப் போராடினோம், தார்ச்சட்டி தூக்கினோம், அதில் எனக்கும் பங்குண்டு. அம்மருந்துக்கடையின் பலகையில் இன்று தமிழ் பெரிதாகவே மின்னுகிறது. அதன்கீழ் நுழைந்துதான் அம்மருமகள் அப்பெட்டியை வாங்கினார். பலகையை நிமிர்ந்து பார்த்த நாம் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

இனி, “தமிழில் எழுத இயலுமா? கலைச்சொல் உண்டா?” என்னும் வழக்கமான வினா. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848 முதல் மருத்துவம் பயிற்றிய சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்கர், அறுவை மருத்துவமும் பிள்ளைப்பேற்று மருத்துவமும் உடற்கூறும் தமிழில் நூலாக்கித் தமிழிலேயே மருத்துவரை உருவாக்கினார். அவர் நூற்பெயர்களில் வடசொல் மலிந்திருப்பதை நாம் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆயினும் அறுவைக் கருவியையும் தமிழில் விளக்கலாம் என்று நூற்றைம்பதாண்டுக்கு முன் ஓர் அயலார் செய்து காட்டிவிட்ட பின், இன்று நம்மவர் ஐயுறுவது நாணத்தக்கது. நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டா. தாளெழுதச் சொன்னால் நம்முட் பலர் முதலில் கருவிக்குப் பெயர் சூட்டுவதில் மூன்று திங்கள் வழக்கிடுவர். ‘குருதியின்சுவைமானி’ எனப் பெயரிட்டு மகிழ்வர். அம்மூதாட்டியார்க்கு வேண்டியது பெயரன்று. ‘இவ்வெழுத்துத் தோன்றினால் தூங்காதே’ என்னும் கட்டளை.

வீட்டோடும் இது முடியவில்லை. சேலையூர், மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கங்களில் தெருவுக்கொரு பல் மருத்துவ அறை உண்டு. பல்லைத் துளைப்பதும் அடைப்பதும் மருத்துவர் பணி. அவர் கருவியின் கையேடு எம்மொழியில் இருந்தாலும் அவர் படித்துக்கொள்வார். துளைத்த ஊசிமுனையைக் கழுவி, ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலத்தில் இட்டுத் தூய்மையாக்குபவர் யார்? நம் பள்ளிகளிற் படித்துத் தேறிய பெண்பிள்ளைகள். அக்கலத்தில் 121 பாகை வெப்பத்தில் 15 மணித்துளி, 134 பாகையில் 3 மணித்துளி என்பன பொதுவான அளவுகள். உறையிட்ட கருவிக்கும் உறையிடாததற்கும் வேறுபாடுண்டு. ஏனத்தை நெருக்கி அடுக்கினால் ஆவி உட்புகாது. இவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கற்கின்றனர். ஒருவர் விலகி வேறொருவர் வரும்போது பாதி விடுபடுகிறது. விடுபட்ட பாதி அடுத்த நோயாளியின் வாய்க்குள் போகிறது. அக்கலத்தை விற்கும் மொத்த வணிகர் ஒரு தமிழ்த் தாளைச் சுவரில் ஒட்டித் தந்தாற் போதும்.

நடுவணரசு விதியை மாற்றும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் நிறுவப்பட்டது. அரசு மருத்துவமனைகட்கு மருந்தும் கருவியும் மொத்தமாய்க் கொள்முதல் செய்வது அதுவே. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது ‘தமிழ்க் கையேடு இணைத்தல் வேண்டும்’ என ஒரு வரி சேர்ப்பதற்குத் தில்லியின் இசைவு வேண்டா. பெரிய கொள்முதலுக்கு ஒருமுறை தமிழில் அச்சிட்டுவிட்ட நிறுவனம் அதே தாளைத் தாம்பரத்துக் கடைக்கும் விடுக்கும். நம் கிளைகள் நலத்துறை அமைச்சர்க்கு எழுதவேண்டியது இவ்வொரு வரியைத்தான். பத்துக் கோரிக்கையோடு கலந்து எழுதினால் இது காணாமற் போகும்.

அக்கிடங்குக்காரர் என்னை வெறுங்கையோடு விடவில்லை. “நீங்களே எழுதிக் கொடுங்கள், ஐயா, மருத்துவர் ஒருவர் பார்த்து ஒப்பமிட்டால் என் செலவில் அச்சிட்டுப் போடுகிறேன்” என்றார். இரண்டு கிழமை இருந்து எழுதினேன். அரைப்பக்கம். பட்டையின் காலவெல்லை, கை கழுவும் முறை, மிகக் கூடினும் மிகக் குறையினும் தோன்றும் எழுத்துகளின் வடிவத்தைப் படமாக வரைந்து, ஒவ்வொன்றிற்கும் உடனே செய்ய வேண்டுவது. என் பழைய மாணவர், இன்று குரோம்பேட்டையில் மருத்துவர், திருத்தித் தந்தார். ‘மிகை’ என்று நான் எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு ‘ரொம்பக் கூடிப்போச்சு’ என்று எழுதியிருந்தார். ஓர் இரவு முழுதும் அதனோடு போராடி, ‘மிகவும் கூடிவிட்டது’ என்று மாற்றினேன். முதலச்சு 500 தாள். அடுத்தது தூவற்கருவிக்கு, எழுதிக்கொண்டிருக்கிறேன்.