'தெஸ்ப்ரோலிஹோ'ன்னா என்ன? முறைகேட்டையும் அலட்சியமாக மாற்றும் ஒரு ஸ்பானிய வார்த்தை!

ஸ்பானிய மொழி கத்துக்கிறவங்க 'ஒழுங்கில்லாத' என்பதற்கு முதலில் படிக்கும் சொல் 'தெஸோர்தெனாதோ'. கலைந்து கிடக்கும் அறைக்கும் அதுதான், பொருளைக் கண்ட இடத்தில் போடும் ஆளுக்கும் அதுதான். ஆனால் அர்ஜென்டினா, உருகுவே பக்கம் இன்னொரு சொல்லும் அடிக்கடி காதில் விழும்: 'தெஸ்ப்ரோலிஹோ'. பெண்பாலில் 'தெஸ்ப்ரோலிஹா'.

இரண்டும் ஒன்றா?

இல்லை. முதல் சொல், பொருட்கள் இடம் மாறிக் கிடப்பதைச் சொல்கிறது. இரண்டாவது, செய்தவர் அக்கறை எடுக்கவில்லை என்கிறது. நம்ம பேச்சில் 'ஏனோதானோ'ன்னு செஞ்சது. அடித்தலும் திருத்தலுமாக இருக்கும் பள்ளி நோட்டு, சீவாத தலை, பிசிறு தெரியும் தையல், பாஸ் எல்லாம் தவறிப்போகும் கால்பந்து ஆட்டம் என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வார்த்தை எங்கிருந்து வந்தது?

'ப்ரோலிக்ஸுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது 'ப்ரோலிஹோ'. நீளமானது, விரிவானது என்பது மூலப் பொருள். ஸ்பெயினில் ஒரு உரையை 'ப்ரோலிஹோ' என்றால் பெரும்பாலும் 'வளவள' என்று குறை சொல்வதாகத்தான் அர்த்தம். அதுவே புவெனஸ் ஐரிஸில் பாராட்டு: நேர்த்தியானது, சுத்தமாகச் செய்யப்பட்டது. அதன் முன்னால் 'தெஸ்' என்ற எதிர்மறை முன்னொட்டு சேர்ந்ததும் நேர்த்தியில்லாதது ஆகிவிட்டது. 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது தெரிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த மாதிரி மாற்றம் ஆச்சரியமாக இருக்காது.

அரசியலில் என்ன வேலை?

சிக்கலே இங்கேதான். இதன் பெயர்ச்சொல் 'தெஸ்ப்ரோலிஹிதாத்', அதாவது நேர்த்தியின்மை. அர்ஜென்டினாவில் ஒரு ஒப்பந்தத்திலோ கணக்கிலோ கேள்வி எழும்போது, பொறுப்பில் இருப்பவர்கள் "சில தெஸ்ப்ரோலிஹிதாத்கள் நடந்திருக்கலாம்" என்று சொல்வது பழகிப்போன ஒன்று. செய்திகளிலும் அந்தச் சொல் அப்படியே வரும். டெண்டர் இல்லாமல் வேலை கொடுத்ததும், ரசீது இல்லாமல் பணம் போனதும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

சில நேரம் அது உண்மையாகவே கவனக்குறைவாக இருக்கலாம். ஒரு கையெழுத்து விட்டுப்போகும், தேதி மாறிப்போகும். அதைக் குற்றம் என்று கத்துவது நியாயமில்லை. ஆனால் விசாரணை முடிவதற்கு முன்பே 'நேர்த்தியின்மை' என்று பெயர் வைத்துவிட்டால், நோக்கம் இருந்ததா என்ற கேள்வியே காணாமல் போய்விடுகிறது. நோட்டில் மை கொட்டிய பையனுக்கும், பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டாத அதிகாரிக்கும் ஒரே சொல் என்றால், அதில் லாபம் அதிகாரிக்குத்தான்.

அப்போ எப்படிப் படிப்பது?

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் 'ஒழுங்கற்ற', 'அலங்கோலமான' என்று ஏதாவது ஒன்று வரும். அதோடு நிறுத்தக் கூடாது. பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைமுடி, கையெழுத்து, ஆட்டம் என்றால் பிரச்னை இல்லை, அப்படியே எடுத்துக்கலாம். ஒப்பந்தம், நடைமுறை, கணக்கு என்று இருந்தால் மூன்று கேள்விகள் கேட்கணும்: எந்த விதி மீறப்பட்டது? யார் மீறினார்? எவ்வளவு பணம்? இதற்குப் பதில் தராத செய்தி, அந்த அதிகாரி சொன்ன சமாதானத்தைத்தான் திருப்பிச் சொல்கிறது.