ஏரி நம்முது! நம்ம மருத்துவ ஏடும் நம்முதா இருக்கணும்!



அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் மருத்துவ ஏட்டைக் கணினியில் வைக்கத் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துங்கள் என்று நாம் பேசும்போதெல்லாம், ஒரே கேள்விதான் திரும்பி வருகிறது. "ஓசில கிடைக்கிற சாஃப்ட்வேர். பழுதானா யாரு வந்து பார்ப்பாங்க?"

நியாயமான கேள்விதான். கேட்பவர்களைக் கிண்டல் செய்யாதீர்கள். பதில் இருக்கிறது, சொல்வோம். ஆனால் இதே கேள்வியைக் கோடிக்கணக்கில் டெண்டர் விட்டு வாங்கும் மென்பொருளைப் பார்த்தும் கேட்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குக் கணினி படுத்துவிட்டால், பழவேற்காட்டுக்கு யார் வரப்போகிறார்கள்?

■ பசியாவரத்திலிருந்து பார்ப்போம்

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவு கிராமம் பசியாவரம். கரைக்கு வரப் படகையே நம்பிக் கிடந்து, ஒரு பாலத்துக்காக வருஷக்கணக்கில் மனு கொடுத்த ஊர். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் "கடலுக்குப் போகாதே" என்று சொல்லப்படும் மக்கள். ராக்கெட் கண்ணுக்குத் தெரியும் தூரம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி?

அந்தப் பக்கத்து ஊர்களில் சர்க்கரையும் பிரஷரும் உள்ள ஒரு மீனவ அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைக்குப் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம். கொஞ்சம் முற்றினால் பொன்னேரி அரசு மருத்துவமனை. நெஞ்சு வலி என்றால் சென்னை ஸ்டான்லி. உறவுக்காரர்கள் சூளூர்பேட்டை பக்கம் இருந்தால் ஆந்திராவில் ஒரு டாக்டர். நாலு இடம், நாலு சீட்டு. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி ஒன்று வந்து வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தால், அந்தக் கவரோடு அவருடைய மருத்துவ வரலாறும் போச்சு. அடுத்த டாக்டர் முதலிலிருந்து கேட்பார்: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" அவர் சொல்வார்: "வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்."

வெள்ளையா, சின்னதா இருக்கிற மாத்திரை நூறு இருக்கு தோழர்களே. உயிர் தொங்குவது அங்கேதான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவரும் திட்டம். கர்ப்பிணிகளுக்குப் பிக்மி பதிவு இருக்கிறது. ஒன்றிய அரசு 2021 செப்டம்பரில் நாடு முழுக்க 14 இலக்க ஆபா எண்ணைக் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஆபா என்பது ஒரு எண். உங்கள் ரத்தப் பரிசோதனையும் மருந்துச் சீட்டும் அந்த எண்ணுக்குள் இல்லை. அவை ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் மென்பொருளுக்குள் இருக்கின்றன. அந்த மென்பொருள் யாருடையது என்பதுதான் உண்மையான கேள்வி.

■ இது புதுசா? இல்லை.

கென்யாவின் எல்டோரெட் நகரில் எய்ட்ஸ் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வந்து நின்றபோது, காகிதத்தில் சமாளிக்க முடியவில்லை. அங்கிருந்த மருத்துவர்களும் அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தினரும் சேர்ந்து 2004-ல் தொடங்கியதுதான் ஓப்பன்எம்.ஆர்.எஸ். 2006-ல் எல்டோரெட்டில் அது ஓடத் தொடங்கியது. இன்று 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்படுகிறது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்.

நம் நாட்டிலேயே சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் கனியாரி என்று ஒரு கிராமம். ஜன் ஸ்வஸ்திய சஹயோக் என்ற மருத்துவக் குழு அங்கே ஆதிவாசிகளுக்கும் ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரி நடத்துகிறது. அங்கேதான் ஓப்பன்எம்.ஆர்.எஸ்., ஆய்வகத்துக்கான ஓப்பன்எலிஸ், பில்லுக்கும் மருந்து இருப்புக்கும் ஓடூ மூன்றையும் இணைத்து, தாட்வொர்க்ஸ் பொறியாளர்கள் 'பாம்னி' என்ற ஆஸ்பத்திரி மென்பொருளை முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். பெருநகர கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் அல்ல, ஒரு கிராமத்தில். பிறகு அது நேபாளத்தின் மலைப்பகுதியான அச்சாம் வரை போனது. பொறுப்பும் ஒரே கம்பெனியிடம் நிற்காமல், பல அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்புக்கு வந்தது.

பக்கத்துக் கேரளத்தில் 2020 கொரோனா காலத்தில் தன்னார்வப் பொறியாளர்கள் உருவாக்கிய 'கேர்' மென்பொருளும் திறந்த மூலம்தான். உலக அளவில் டிஜிட்டல் பொதுச் சொத்தாக அங்கீகாரம் பெற்றது.

கென்யாவால் முடியும், கனியாரியால் முடியும், கேரளத்தால் முடியும். பழவேற்காட்டால் ஏன் முடியாது?

■ "சரி, பழுதானா யாரு பார்ப்பாங்க?"

இப்போது பதில். பழுது பார்க்கிற வேலை மூன்று அடுக்கு.

முதல் அடுக்கு, ஆஸ்பத்திரிக்குள்ளேயே. பாஸ்வேர்டு மறந்துபோச்சு, பிரிண்டர் வேலை செய்யல, ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவு போட்டாச்சு, நேற்று ராத்திரி பேக்கப் எடுத்தோமா? தினம் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இவைதான். இதற்கு அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டாம். பழவேற்காட்டில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடி அலையும் பிள்ளைக்குச் சில மாதப் பயிற்சி கொடுத்தால் போதும்.

இரண்டாம் அடுக்கு, மாவட்டத்தில். சர்வர், புதுப் பதிப்பு ஏற்றுவது, படிவங்களை மாற்றுவது, அறிக்கை எடுப்பது. இதற்கு நாலைந்து பொறியாளர்கள் கொண்ட அரசுக் குழு வேண்டும். நிரந்தர வேலை, முறையான சம்பளம்.

மூன்றாம் அடுக்கு, உலகச் சமூகம். மூல நிரலில் இருக்கும் கோளாறு, பாதுகாப்பு ஓட்டை, நோய்களுக்கும் மருந்துகளுக்கும் பொதுவான சொல் பட்டியல். கென்யாவில் ஒருவர் கண்டுபிடித்த பழுதைப் பெங்களூரில் ஒருவர் சரிசெய்வார். அது நமக்கும் வரும். நம் ஆட்கள் சரிசெய்தது அவர்களுக்குப் போகும்.

மூடிய மென்பொருளில் இந்த மூன்று அடுக்கும் ஒரே கம்பெனியின் கையில். அது வைத்ததுதான் விலை, அது வரும்போதுதான் வரும். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடும். மூல நிரல் கையில் இல்லாததால் வேறு யாராலும் தொட முடியாது. நம் டேட்டா நம் ஆஸ்பத்திரியில் இருக்கும், சாவி மட்டும் வேறு எங்கோ இருக்கும்!

ஒரு சின்ன உதாரணம். பழவேற்காட்டில் இருளர் பெண்கள் மணிக்கணக்கில் தண்ணீரில் நின்று, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். "தினம் எத்தனை மணி நேரம் தண்ணில நிக்கிறீங்கம்மா?" என்று படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என நர்சம்மா நினைக்கிறார். தோல் நோய்க்கும் மூட்டு வலிக்கும் அந்தப் பதில் முக்கியம். திறந்த மூலத்தில் மாவட்டக் குழு அதை அன்றைக்கே தமிழில் சேர்த்துவிடும். மூடிய மென்பொருளில்? தலைமையகத்துக்குக் கடிதம், அங்கிருந்து கம்பெனிக்குக் கடிதம், அதற்குத் தனிக் கட்டணம். அந்தப் பெண்களுக்காக எந்தக் கம்பெனி மெனக்கெடும்?

இன்னொன்று. இந்த மென்பொருள்களை ஆஸ்பத்திரிக்குள் ஒரு சிறிய சர்வரில் வைத்து உள் நெட்வொர்க்கிலேயே ஓட்டலாம். புயலில் இன்டர்நெட் அறுந்தாலும், இன்வெர்ட்டர் இருந்தால் வேலை நிற்காது. ஏரிக்கரை ஊருக்கு இது வசதி இல்லை, தேவை.

■ ஏரி சொல்லும் பாடம்

பழவேற்காட்டு மக்களுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பாடு முறை தெரிந்தவர்கள் அவர்கள். ஏரி யாருக்கும் தனிச் சொத்து இல்லை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். பொதுச் சொத்து என்றால் கேட்பாரற்ற சொத்து என்று அர்த்தமில்லை. அதற்கு விதி உண்டு, கூட்டம் உண்டு, பொறுப்பு உண்டு.

திறந்த மூலச் சமூகமும் அப்படித்தான். யார் மாற்றம் செய்தார், யார் சரிபார்த்தார், எப்போது ஏற்றப்பட்டது, எல்லாம் பொதுவில் பதிவாகும்.

பாட்டில் ஒரு குறை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. சாதியால், பாலினத்தால் சிலருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அந்தக் குறை நம் மருத்துவ ஏட்டில் வரக் கூடாது. அடையாள அட்டை இல்லாத இருளர் குடும்பத்துக்கும் ஏடு உண்டு என்று விதியிலேயே எழுத வேண்டும்.

■ காசைக் கொட்டினால் மட்டும் சரியாகிவிடுமா?

அமெரிக்காவைப் பாருங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் 'விஸ்டா' என்ற மென்பொருள் இருந்தது. அரசு மருத்துவர்களும் அரசு நிரலாளர்களும் சேர்ந்து உருவாக்கியது, பொதுச் சொத்து. ஜோர்டான் நாடு அதை எடுத்துத் தன் அரசு ஆஸ்பத்திரிகளில் வைத்தது. பழசாகிவிட்டது, பராமரிப்புச் செலவு அதிகம் என்று சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதைப் புதுப்பிக்காமல், 2018-ல் செர்னர் என்ற தனியார் நிறுவனத்துக்கு 1,000 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தார்கள்.

என்ன ஆச்சு? 2020-ல் முதல் மருத்துவமனையில் தொடங்கினார்கள். டாக்டர்கள் எழுதிய பரிசோதனை உத்தரவுகள் ஆயிரக்கணக்கில், யாரும் பார்க்காத ஒரு வரிசையில் போய் விழுந்தன. குறைந்தது 149 பேர் அதனால் பாதிக்கப்பட்டார்கள் என்று அந்தத் துறையின் தணிக்கை அதிகாரியே 2022-ல் அறிக்கை கொடுத்தார். 2023 ஏப்ரலில் விரிவாக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆயிரம் கோடி டாலர் கொடுத்த இடத்திலேயே "யாரு பார்ப்பாங்க?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை!

"திறந்த மூலத்தை ஹேக் பண்ணிடுவாங்களே?" என்று அடுத்த கேள்வி வரும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் தாக்கப்பட்டன. நாட்டின் முதல் ஆஸ்பத்திரி நாள்கணக்கில் பேனாவுக்கும் பேப்பருக்கும் திரும்பியது. நெட்வொர்க்கை முறையாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பூட்டு திறந்த மூலமா மூடிய மூலமா என்பது அங்கே பிரச்சினை இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதே பிரச்சினை. நாம் கேட்பதும் அந்த ஆளைத்தான்.

இங்கே நம் பக்கத்து நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "திறந்த மூலம் இலவசம், செலவே இல்லை" என்று பேசாதீர்கள். அது பொய். மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை. உழைப்புக்குக் கூலி உண்டு. தன்னார்வலர்கள் சனி ஞாயிறில் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி ஒரு ஆஸ்பத்திரியை ஓட்ட முடியாது. 2007 வாக்கில் எல்காட் லினக்ஸுக்கு மாறியபோது நாடே திரும்பிப் பார்த்தது. அதிகாரி மாறினார், வேகம் போனது. ஒரு நல்ல அதிகாரியை நம்பி நிற்கும் திட்டம் அவரோடு போய்விடும். கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் இன்றும் ஓடுகிறது என்றால், ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, அதைப் பார்த்துக்கொள்ள அரசு அமைப்பும் வைத்ததால்தான்.

■ நம் கோரிக்கைகள்

1. அரசு மருத்துவமனை மென்பொருள் ஒப்பந்தங்கள் அனைத்தையும் வெளியிடு. மூல நிரல் யாருடையது? ஒப்பந்தம் முடிந்தால் டேட்டா எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும்?

2. திறந்த மூலத்துக்கு முன்னுரிமை என்று ஒன்றிய அரசு 2015-லேயே கொள்கை வெளியிட்டது. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அதை நடைமுறைப்படுத்து. மூடிய மென்பொருள் வாங்கினால் காரணத்தை எழுத்தில் சொல்லு.

3. பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம், பொன்னேரி மருத்துவமனை, ஸ்டான்லி மூன்றையும் இணைத்து முன்னோடித் திட்டம் தொடங்கு. முழுக்கத் தமிழில், இன்டர்நெட் இல்லாமலும் ஓடும்படி.

4. உரிமக் கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தை உள்ளூர் இளைஞர்களுக்குச் சம்பளமாகக் கொடு. ஒப்பந்தக் கூலியாக அல்ல, அரசு வேலையாக.

5. சம்மதம் இல்லாமல் யாருடைய மருத்துவ ஏடும் காப்பீட்டுக் கம்பெனிக்கோ வேறு யாருக்கோ போகக் கூடாது. யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் நோயாளி கேட்டால் கிடைக்க வேண்டும்.

தோழர்களே, லைக் போட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் முதல் கோரிக்கையில் உள்ள இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கம்ப்யூட்டர் படித்த தோழர்கள் பாம்னியையோ கேரையோ இறக்கி ஓட்டிப் பாருங்கள். தமிழாக்கத்தில் கை கொடுங்கள். யார் அனுமதியும் தேவையில்லை.

"யாரு பார்ப்பாங்க?" என்று இனி யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள்: நாங்க பார்ப்போம். எங்க பிள்ளைங்க பார்ப்பாங்க. அவங்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கட்டும்.

#மக்கள்_ஏடு_மக்களிடம்
#பழவேற்காடு
#திறந்த_மூலம்_பொதுச்சொத்து