மேளச்சமாவும் இணையமும்

இணையம் வந்ததால் கோயில் வீதியில் மேளச்சமா கேட்போர் குறைந்துவிட்டனர் எனப் பெரியோர் சிலர் குறைப்படுகின்றனர். இக்கருத்தை முழுமையாக ஏற்க முடியாது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தார். ஆயினும், அன்று ஒலிநாடாக்களில் பதிந்து பேணப்பட்ட அவரது வாசிப்பு, இன்று இணையத்தின் வழியே கடல் கடந்து வாழும் இளைஞரையும் எட்டுகின்றது. இணுவில், அளவெட்டி போன்ற ஊர்களின் இசைமரபை நேசிப்போர் எங்கிருந்தாலும் ஒன்றுகூட முடிவது நன்மையே அன்றோ?

எனினும், இரசிகரின் எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் கலை வளராது. தவில் தனியில் ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டிப் பகிர்ந்தால், அதற்கு முன் நாதஸ்வரக் கலைஞர் ஆலாபனையில் விரித்த இராகம் மறக்கப்படும். எனவே, கலைஞரின் அனுமதியுடன் பதிவுசெய்தல், தாளம் போடுபவர் உட்பட அனைவரது பெயரையும் குறிப்பிடல், அடுத்த சமா நடைபெறும் கோயிலையும் நாளையும் அறிவித்தல் ஆகியன இன்றியமையாதவை.

தவிலின் அதிர்வை நெஞ்சில் உணர வேண்டுமாயின் வீதி மணலில் இருந்தே கேட்க வேண்டும். இணையம் வழிகாட்டியாக அமையட்டும். நாம் சென்றடைய வேண்டிய இடம் கோயில் வீதியே.